கால்வாய்க்கு அக்கரையில் ஒரு வெள்ளத் தங்குமிடம்

அனுப்புநர்:
தையற்காரர் மகள்
(தெருவாசிகள் அனைவரின் சார்பாக),
கால்வாய்க்கரைத் தெரு.

பெறுநர்:
வெள்ளத் தடுப்புத் திட்ட அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: எங்கள் கரையிலேயே வெள்ளத் தங்குமிடம் கோருதல், திட்டக் கூட்டத்தின் நேரத்தை மாற்றுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. எங்கள் தெருவுக்கென்று தங்குமிடம் கட்டித் தந்ததற்கு முதலில் நன்றி. சுவருக்கு அடித்த மஞ்சள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. வாசலில் நின்றாலே தெரிகிறது. நடுவில் கால்வாய் மட்டும்தான்.

2. அங்கே போக ஒரே வழி நடைபாலம். மழைக்காலத்தில் முதலில் முழுகுவதும் அதுவே. சென்ற மாத ஒத்திகையின்போது இது யாருக்கும் தோன்றவில்லை. அன்று நல்ல வெயில். புகைப்படக்காரர் வருகிறார் என்று தெரிந்ததால், தெருவே நல்ல துணி உடுத்திக்கொண்டு, விசில் ஊதியதும் சிரித்தபடி பாலத்தைக் கடந்தது. ஒத்திகை முழு வெற்றி என்று தங்கள் அலுவலகம் அறிவித்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. திரும்பும்போதுதான் என் அம்மா பாலத்தின் நடுவில் நின்று, "ஏண்டி, தண்ணி வந்தா தண்ணிக்குள்ள இறங்கித்தான் தப்பிக்கணுமா?" என்று கேட்டார். பின்னால் வந்த மீன்கார அக்கா, "எனக்குக் கவலையில்ல அத்தை, கூடையில இருக்கிறதுங்க வழி காட்டும்" என்றார். பாலம் அதிரச் சிரித்தோம். என் அண்ணி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மழை மாதத்தில் பிரசவம்.

3. திட்டக் கூட்டத்தில் தெருவாசிகள் ஆர்வம் காட்டவில்லை என்று பதிவாகியுள்ளது. கூட்டம் வேலைநாளில், நண்பகலில் நடந்தது. அந்த அறையைக் காலையில் பெருக்கி நாற்காலி போட்டவர் எங்கள் தெருக்காரர்தான். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

4. எங்கள் கரையிலேயே நகராட்சியின் தானியக் கிடங்கு இருக்கிறது. அதன் மாடிக்குத் தண்ணீர் எட்டியதில்லை. போன வெள்ளத்தில் காவல்காரர் அதைத் திறந்துவிட்டதால்தான் தெரு முழுவதும் பிழைத்தது. அனுமதியின்றித் திறந்தார் என்று அவருக்கு மெமோ வந்தது. இந்த ஆண்டும் திறப்பதாகத்தான் சொல்கிறார். மெமோ மட்டும் வேண்டாமாம்.

ஆகவே, கிடங்கு மாடியை மழைக்கு முன் எங்கள் தங்குமிடமாக அறிவிக்க வேண்டுகிறோம். அடுத்த கூட்டத்தை ஞாயிறு மாலை எங்கள் தெருவில் நடத்தலாம். நாற்காலிகளை நாங்களே போடுகிறோம். இம்முறை உட்காரவும் செய்வோம். ஒத்திகையை மறுபடி வையுங்கள், பாலம் இல்லை என்று நினைத்துக்கொண்டு. அதே நல்ல துணியில் வருகிறோம்.

அண்ணியின் குழந்தை நீந்தக் கற்றுக்கொள்ள எப்படியும் சில ஆண்டுகள் ஆகும். மழை அதுவரை பொறுக்காது; தாங்கள் விரைந்து உத்தரவிட வேண்டும்.

இடம்: கால்வாயின் இக்கரை
நாள்: மழைக்கு முந்தைய மாதம், முதல் திங்கள்

இப்படிக்கு,
தையற்காரர் மகள்
(தெருவாசிகளின் கையொப்பங்கள் பின்பக்கத்தில்)