எங்கள் பெட்டியில் உன் அப்பா

போமுச்,
9 அக்டோபர் 1998

அன்புள்ள நசாரியா,

இருபத்தொரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பதறியிருப்பாய். புதிதாக யாரும் சாகவில்லை. பழைய சாவில்தான் ஒரு சிக்கல். உன் அப்பா எங்கள் பெட்டியில் இருக்கிறார்.

சில வருடமாகவே அம்மாவின் கண் மங்கிக்கொண்டு வந்தது, இப்போது புரை முற்றிவிட்டது. அதனால் ஆத்மாக்கள் வரும் நாளுக்கு முன் வருடா வருடம் அப்பாவின் எலும்புகளைத் துடைத்துத் துணி மாற்றும் வேலை இந்த வருடம் முதல்முறையாக என்னிடம் வந்தது. கல்லறை மாடத்திலிருந்து எலும்புப் பெட்டியை இறக்கி, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டே, "அப்பா, உங்க மாப்பிள்ளை திருந்தவே மாட்டேங்கறார்ப்பா" என்று ஒரு மணி நேரம் அழுது தீர்த்தேன். பிறகுதான் கை எலும்புகளை எடுத்தேன். அப்பா மரத்திலிருந்து விழுந்து இடது கை கோணலாகக் கூடியது உனக்குத் தெரியுமே. இவருக்கு இரண்டு கையும் நேராக இருக்கிறது! அடியில் கிடந்த தாடையை எடுத்தால் தங்கப் பல். திருவிழாவில் ஊருக்கே காட்டிச் சிரிப்பாரே உன் அப்பா கசிமிரோ மாமா, அதே பல்.

ஐந்து வருடத்துக்கு முன், பெட்டியில் வைப்பதற்காக, இரண்டு பேரையும் ஒரே வாரத்தில் புதைகுழியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். வெயிலில் காயவைத்திருந்தபோது மழை வந்தது. கல்லறைக் காவலாளி அவசரத்தில் அள்ளிப் போட்டதில் வந்த வினை. உயிரோடு இருந்தவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரும் இப்படி வீடு மாறிக் கிடக்கிறார்கள்.

ஒருவரைப் பெட்டி மாற்ற வேண்டுமென்றால் அவருடைய ரத்த சொந்தம்தான் தூக்க வேண்டும். உன் தம்பி நிகனோரைப் போனில் பிடித்தேன். "எல்லா எலும்பும் ஒண்ணுதானேக்கா, விடுங்க" என்கிறான். கான்குனில் ஓட்டல் வேலையாம், வரமாட்டானாம். உன் விலாசத்தை மட்டும் கொடுத்தான். மீதி இருப்பது நீதான். மாத முடிவுக்குள் வா. சொல்லாமல் ஊரைவிட்டுப் போனதற்கு நேரில் நாலு வார்த்தை திட்டவும் ஆசையாக இருக்கிறது.

உன்
எர்லிந்தா

மெரிதா,
15 அக்டோபர் 1998

என் எர்லிந்தாவுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுதேன். ஆனால் வரமாட்டேன்.

வயிற்றில் பிள்ளையோடு நின்றவளைப் பார்த்து, "எனக்குப் பொண்ணே பொறக்கலைன்னு நெனச்சுக்கறேன்" என்று கதவைச் சாத்திய மனிதர் அவர். அவர் எலும்பை நான் மடியில் வைத்துத் துடைக்க வேண்டுமா? எந்தப் பெட்டியில் வேண்டுமானாலும் கிடக்கட்டும்.

அன்று உன் அப்பாதான் என்னை உள்ளே கூப்பிட்டார். ஒன்பது நாள் சோறு போட்டீர்கள். ஒன்பதாம் நாள் காலையில் என் அப்பா வெட்டுக்கத்தியோடு உங்கள் வாசலுக்கு வந்தாரே, அதன் பிறகு நான் எப்படி அங்கே இருப்பேன்? சொன்னால் நீ விடமாட்டாய். அதனால்தான் சொல்லாமல் பஸ் ஏறினேன். இதை எழுதவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. திட்டுவதானால் கடிதத்திலேயே திட்டு.

உன் அம்மாவுக்கு முத்தங்கள்.

உன்
நசாரியா

போமுச்,
20 அக்டோபர் 1998

அடி நசாரியா,

அந்தக் கத்தியை நானும்தான் பார்த்தேன். ஆனால் அதற்காக நீ போனாய் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுச் சோறு பிடிக்காமல் போய்விட்டாய் என்று அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். பாவி.

நிகனோரிடம் கேட்டுக்கொண்டு உங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வருடா வருடம் துடைக்க ஆள் வைத்திருப்பதாக என்னிடம் சொன்னான். ஒரு ஆளும் வந்ததில்லை. ஐந்து வருடமாக அதே துணி. மக்கிக் கிழிந்து, பெட்டிக்குள் பல்லி முட்டை. உள்ளே என் அப்பா, அந்தக் கோணல் கையோடு. இந்த ஐந்து வருடமும் ஆத்மாக்கள் வரும் நாளில் நாங்கள் விதவிதமாகப் படையல் வைத்தோம். அவரோ கந்தல் உடுத்திக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் வரக் கூச்சப்பட்டுத் தெருவிலேயே நின்றிருப்பார்.

நான் அவரைத் துடைத்துவிடுவேன். ஆனால் உன் அப்பாவைத் தூக்காமல் இவரை எங்கே வைப்பது? உன் அப்பாவுக்காக வராதே. வேண்டாம். என் அப்பாவுக்காக வா.

எர்லிந்தா

மெரிதா,
5 நவம்பர் 1998

அன்புத் தோழி எர்லிந்தா,

நல்லபடியாக வீடு திரும்பிவிட்டேன். படையலுக்காக அம்மா மண்குழியில் சுட்டுக் கட்டிக் கொடுத்த அப்பத்தைப் பஸ்ஸிலேயே பாதி தின்றுவிட்டேன். சோறு பிடிக்காமல் போகவில்லை என்று இப்போதாவது நம்புகிறாளா?

உன் அப்பாவை, என் எவாரிஸ்தோ மாமாவை, துடைக்க எனக்கும் இடம் கொடுத்தாயே, அதற்கு நன்றி என்று சொன்னால் அடிப்பாய். நீ என்னிடம் நீட்டிய அந்தக் கோணல் கையை விரல் விரலாகத் துடைத்தேன். அந்தக் கையால்தான் அன்று என் மூட்டையை வாங்கி உள்ளே வைத்தார்.

பிறகு நீ தண்ணீர் எடுக்கப் போனாய். வேண்டுமென்றேதான் போனாய், எனக்குத் தெரியாதா? அரை மணி நேரமா ஒரு வாளி தண்ணீருக்கு! என் அப்பாவைத் திட்டுவதற்கு மெரிதாவிலிருந்து வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். மண்டையை இரண்டு கையாலும் தூக்கினேன். எர்லிந்தா, அதற்கு எடையே இல்லை. ஊரையே நடுங்க வைத்த மனிதர், ஒரு பப்பாளிப் பழம் அளவு கூட இல்லை. யாரைத் திட்டுவது?

நீ திரும்பி வந்து, "என்னடி முணுமுணுத்துக்கிட்டிருந்தே?" என்று கேட்டாய். தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று இப்போது சொல்கிறேன். "அப்பா, பையன் பொறந்தான். இருபது வயசாகுது. உங்க காது, உங்க கோபம். நல்லா இருக்கோம். பேரு மட்டும் கேக்காதீங்க, எந்திரிச்சு வந்து மறுபடியும் கதவைச் சாத்திடுவீங்க" என்றேன்.

உன்னிடமும் இதுவரை சொல்லவில்லை. அவன் பெயர் எவாரிஸ்தோ.

அடுத்த அக்டோபரில் அவனையும் கூட்டி வருகிறேன். பெயரை அவனே தன் தாத்தாவிடம் சொல்லட்டும்.

உன்
நசாரியா