டெனிஷா கீறிய கடல்

கண்டக்குழி,
12 ஒக்டோபர் 2024

அன்புள்ள யூஜீனியா ரீச்சருக்கு,

ரம்ஸியா எழுதுகிறேன். அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லாரும் சுகம். இத்தாலியில் குளிர் தொடங்கியிருக்கும். நீங்கள் பராமரிக்கும் அம்மா இப்போதாவது உங்கள் கையால் சாப்பிடுகிறாரா? இந்த விசயத்தைப் போனில் மூன்று தரம் தட்டி அழித்துவிட்டேன். அதனால்தான் கடதாசி.

நீங்கள் போய் எட்டு மாதம். உங்கள் சித்திரப் பாடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. ஆளில்லாத பாடங்களையும் எடுத்து, வரலாற்றை வழக்காடு மன்றமாகவும் விஞ்ஞானத்தைப் பாட்டாகவும் நீங்கள் படிப்பித்தபோது, "இது சோதினைக்கு வருமா?" என்று கேட்டுச் சிரித்தவள் நான். நீங்கள் போன பிறகு பிள்ளைகள் என் கணக்குப் பாடத்துக்கு வந்து உட்கார்ந்த முகங்களைப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

அதனால் போன மாதம் அளவுத்திட்டப் பாடத்துக்கு எட்டாம் தரத்தின் பின்சுவரைக் கொடுத்தேன். தெரிந்த இடத்தை அளந்து, விகிதம் போட்டுக் கீறச் சொன்னேன். கடைசி வாங்கில் இருக்கும் டெனிஷா நினைவிருக்கிறதா, மனுவேலின் மகள்? வாசிக்கத் திணறுவாள், வாய் திறக்கமாட்டாள். அவள் கடலைக் கீறினாள். லீவு நாட்களில் தகப்பனோடு படகில் போவாளாம். மாதா கோயில் சிலுவையும் விடுதியின் தண்ணீர்த் தாங்கியும் ஒரே கோட்டில் தெரியும் இடத்தில், கடலுக்கடியில் மீன் கூடும் கல்லுப் பார் ஒன்று. ஆழம் கைவிரிப்புக் கணக்கில் எத்தனை பாகம், எந்தப் பக்கம் கல் கூர், எல்லாம் குறித்திருந்தாள். நான் பூரித்துப்போய், பெற்றார் கூட்டத்தை அந்த வகுப்பிலேயே வைத்தேன். யாரோ அதைப் போனில் படம் எடுத்ததை நான் கவனிக்கவில்லை.

கூட்டம் முடிந்து நான்காம் நாள் மனுவேல் கடலுக்குப் போனபோது அந்தப் பாரில் வேறு ஆட்களின் இரண்டு படகுகள் நின்றனவாம். நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "என்ட அப்பன் எனக்கு மட்டும் காட்டின பார் ரீச்சர். கூடப் பிறந்த தம்பிக்கும் நான் சொன்னதில்ல" என்றார். அன்று பின்னேரமே அதிபர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பித்து, இனிப் புத்தகத்தில் உள்ளதை மட்டும் படிப்பிக்கச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து டெனிஷா வரவில்லை.

அவள் வராத ஒன்பதாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மனுவேல் என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிள்ளையிடம் அவளுக்குத் தெரிந்ததைக் கேட்டேனே தவிர, அது யாருடைய சொத்து என்று கேட்கவில்லை, பிழை என்னுடையது என்றேன். அவர் கையைத் துடைத்துவிட்டு, "கணக்குல நூத்துக்குப் பன்னெண்டு புள்ளி எண்டு ரிப்போட் அனுப்பினது நீங்கதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அந்தப் படத்துல ஒரு பாகம்கூடப் பிழையில்ல" என்றார். உள்ளே டெனிஷா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அவளை அவரே கூட்டிவந்து விட்டார். பார் போனது போனதுதான். அவர் இப்போது இன்னும் தூரம் போகிறார்.

ஆனாலும் இந்தப் புது விதத்தை நான் விடவில்லை. அதிபரோடு ஒரு மணித்தியாலம் வாதாடி, செவ்வாய் தோறும் ஒரு பாடம் வெளியே நடத்த அனுமதி வாங்கினேன். ஒன்றைச் செய்யத் தொடங்குமுன், எதை எல்லாருக்கும் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பிள்ளைகளோடு பேசிக்கொள்கிறோம். போன செவ்வாய் பட்டம் ஏற்றி நூலின் கோணம் அளந்தார்கள். இல்ஹாமின் பட்டம் முருங்கையில் மாட்டி, மரத்தின் உயரத்தையும் அளக்கவேண்டி வந்தது. டெனிஷா மட்டும் நூலைத் தொடவில்லை. பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதுகிறாள். கீறக் கடதாசி கொடுத்தால் மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறாள்.

வந்ததிலிருந்து அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். யூஜீனியா ரீச்சர் திரும்பி வருவாங்களா என்று. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அங்கே உங்கள் கைகளுக்கு எவ்வளவு வேலை என்று தெரியும். ஆனாலும் அவளுக்கு நாலு வரி எழுதுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவாள். நடந்ததைப் பற்றி எதுவும் கேட்கவேண்டாம். அங்கே நீங்கள் பார்க்கும் ஏதாவது ஒன்றைக் கீறி அனுப்புங்கள். ரீச்சரும் இன்னும் கீறுகிறா என்று அவள் அறியவேண்டும். நானும் அறியவேண்டும்.

உங்கள் மாதா உங்களைக் கைவிடமாட்டா. என் துஆவிலும் உங்கள் பெயர் இருக்கிறது.

அன்புடன்,
ரம்ஸியா