இளவரசி எழுதிய அடிக்குறிப்புகள்

மார்ச் 3

என் இளவரசிக்கு,

நலம்தானே? நீ உன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. ஒரு வரி எழுத உனக்கு மனம் வரவில்லை. போகட்டும்.

நல்ல செய்தி. என் காதல் கவிதைகள் எல்லாம் ஒரே புத்தகமாக வரப்போகின்றன. ஒவ்வொன்றின் கீழும், அது எப்போது, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்று இரண்டு வரி வேண்டுமாம் பதிப்பாளருக்கு. எனக்கு எதுவும் நினைவில்லை. அத்தனையையும் முத்து முத்தாகப் படியெடுத்துத் தந்தவள் நீ. எழுதித் தருவாயா?

நம் மகள், பெண் கேட்டு வந்த பல் மருத்துவரையும் வேண்டாம் என்றுவிட்டாள். "மழை வந்தா குடையைக் குடுக்கறார்ப்பா, ஒரு வார்த்தை பேசத் தெரியல. நீங்க அம்மாவை நேசிச்ச மாதிரி ஒருத்தர் வரட்டும்" என்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உன் கவிஞன்

ஏப்ரல் 10

அன்புள்ள உங்களுக்கு,

அக்காவும் அத்தானும் சௌக்கியம். மூட்டுவலி மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

எனக்கு எல்லாமே நினைவிருக்கிறது, கிழமை உட்பட. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று எழுதியதை நேரே பதிப்பாளருக்கே அனுப்பிவிட்டேன். "ரொம்ப நாளா இப்படி ரசிச்சுப் படிச்சதில்லைம்மா" என்று தொலைபேசியில் சொன்னார்.

உங்கள் மனைவி

மே 2

அடிப்பாவி,

அச்சகத்திலிருந்து பிழை பார்க்க மெய்ப்புப் படி வந்தது. 'என் இளவரசியின் காலில் முள் தைத்தால் என் மார்பில் குருதி' என்ற கவிதைக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறாய்? "எழுதிய நாள்: செவ்வாய். இளவரசிக்குக் கால் எலும்பு முறிந்த நான்காம் நாள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, 'சும்மா இரு, வரி ஓடிடும்' என்றார்."

'ஆயிரம் ஜன்னல் அரண்மனை'க்குக் கீழே? "அந்த வீட்டில் இருந்தது ஒரே ஜன்னல். அதை அடைத்துக்கொண்டு கவிஞரின் மேசை. அடுப்புப் புகை போக வழியில்லாமல் இளவரசிக்கு வருடம் முழுக்க இருமல்."

நீக்கச் சொன்னால் பதிப்பாளர் சிரிக்கிறார். "இது இல்லேன்னா புத்தகமே இல்ல சார்" என்கிறார். என் மானம் கப்பலேறிவிடும். அதெல்லாம் விளையாட்டுக்கு எழுதியது என்று அவருக்கு நீயே ஒரு கடிதம் போடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

நான்

மே 9

அன்புள்ள கவிஞருக்கு,

போட மாட்டேன்.

இரண்டு வருடம் முன்பு, உங்களுக்கு நடந்த பாராட்டு விழா முடிந்து நண்பர்கள் நால்வரோடு வீட்டுக்கு வந்தீர்கள். நான் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். "அந்தக் கவிதையெல்லாம் இவளைப் பார்த்தா எழுதினேன்னு நினைச்சீங்க?" என்று கேட்டீர்கள். ஐந்து பேரும் சிரித்தீர்கள். குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் பெட்டியை எடுத்தேன்.

இனி அந்த நால்வரும் இந்தப் புத்தகத்தைப் படித்துச் சிரிக்கட்டும். மனம் குளிர்ந்து போயிருக்கிறேன், மறைப்பானேன்? மகளுக்கும் ஒரு படி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இளவரசி எப்படி வாழ்ந்தாள் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

இளவரசி அல்லாத நான்

ஜூன் 20

உனக்கு,

புத்தகம் நன்றாக விற்கிறது. தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு உன்னை விசாரிக்கிறார்கள். நீ நினைத்தது நடந்துவிட்டது.

நேற்று மகள் வந்தாள். உட்காரவில்லை. "இதெல்லாம் நிஜமாப்பா?" என்றாள். பொய் என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பாள். ஆனால் உன் மனதைச் சுடுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்தது. "அத்தனையும் நிஜம்தான். உங்க அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் இந்தக் கவிதையெல்லாம் உனக்குப் படிச்சுக் காட்டி வளர்த்தா" என்றேன்.

"அந்தப் பல் டாக்டருக்குப் போன வாரம் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. நல்லவர். அது எனக்கு இப்பதான் தெரியுது" என்றாள். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "உங்க ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். நீ போன வாரம் அவளுக்கு எழுதிய கடிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

அவளுடைய அப்பா