பனிக்குப் பிறகு பறிப்பம் என்றீர்கள்

ஸ்கீவ, டென்மார்க்,
ஒக்டோபர் கடைசி ஞாயிறு

அன்பின் கமலேஸ்வரி அக்காவுக்கு,

லண்டனில் நீங்களும் மகன் டிலக்சன் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் பிரஷர் பரவாயில்லை. ரண்டர்ஸில் மூத்தவள் நிலுஷாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. அதை முதலில் உங்களுக்குச் சொல்லத்தான், திரும்பி வந்து பஸ்ஸால் இறங்கின கையோடு இங்கே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு டெனிஷ்காரன்.

வீட்டை ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டதாகச் சொன்னான். மொழி விளங்காதவள் மாதிரித் திரும்பவும் கேட்டேன். ஆகஸ்ட்தான்.

அக்கா, செப்டெம்பரில் அல்லவா நாங்கள் உங்கள் வளவில் அந்தக் குட்டி அப்பிள் பறித்தோம்? நெல்லிக்காய் அளவுப் பழம், கடித்தால் பல் கூசும். நீங்கள் ஏணியில், நான் கீழே வாளியோடு. பாதி மரம் மிச்சம் இருக்க, போதும் மாக்கிரட், மற்றதைப் பனி விழுந்த பிறகு பறிப்பம், புளிப்புக் குறையும் என்றீர்கள். நானும் ஓம் என்று அச்சாறுக்கு மிளகாய் வாங்கி வைத்தேன்.

சாமான் ஏற்ற வந்தது யேசுரட்ணம் அண்ணையாம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியுமாம். மாக்கிரட்டுக்கு மட்டும் சொல்லாதேங்கோ, புருஷன் செத்தபோது அழுத மாதிரி அழுவாள், என்னால் பார்க்க ஏலாது என்று நீங்கள் சொன்னதாக, அண்ணை நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். டானியலுக்காக அழுததெல்லாம் உங்கள் தோளில்தானே அழுதேன். அது அவ்வளவு பாரமாகவா இருந்தது? நான் பிள்ளைப்பேறு பார்க்கப் போன நேரம் பார்த்தா லொறி பிடித்தீர்கள்?

போன கிழமை பனி விழுந்தது. வீடு வாங்கின அந்த டெனிஷ்காரனிடம் கேட்டு, மிச்சப் பழத்தைத் தனியாகப் பறித்தேன். ஜெலிக்கு அவித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். தானாக வடியவேணும், பிழிந்தால் கலங்கிப்போகும் என்று நீங்கள்தான் சொல்லித் தந்தது. இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தேன். சேற்றுத் தண்ணி மாதிரி வந்தது. அப்படியே காய்ச்சிப் போத்தலில் விட்டு, அவனுக்கும் ஒன்று கொடுத்தேன். நல்லாயிருக்கு என்கிறான்.

உங்கள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. இந்த விலாசமும் அண்ணையை நெருக்கித்தான் வாங்கினேன். என் நம்பர் அதேதான்.

கடவுள் உங்களைச் சுகத்தோடு வைத்திருக்கட்டும். ஒருக்கால் போன் எடுத்து, போயிட்டு வாறன் என்று சொல்லுங்கோ. நான் அழுதால், அழுது முடியும்வரை போனை வையாதேங்கோ.

இன்னும் உங்கள் தங்கச்சி என்றே நினைக்கும்,
மாக்கிரட்