ஆணியில் தொங்கிய வாழைக்காய்

மாதா துணை

நொச்சிக்குப்பம்,
சென்னை 4.
மார்ச் 21, சனிக்கிழமை

அன்புள்ள அனு அப்பாவுக்கு,

வசந்தி எழுதுவது. இங்கே நானும் அனுவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மாத்திரை போட்டு, நன்றாக இருக்க வேண்டும். நேரில் நீ வா போ என்று கத்துகிறவள் காகிதத்தைக் கண்டதும் மரியாதை போட்டு எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். பேனாவை எடுத்தாலே பத்தாம் வகுப்பு டீச்சர் பக்கத்தில் வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. கை நடுக்கம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கும், முதல் கடிதத்தில் கோணல் மாணலாக ஓடிய எழுத்து இதில் வரிசையாக நிற்கிறது. காலையில் தோட்ட வேலை, பிறகு ஜெபம், பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, எல்லாம் படித்தேன். சந்தோஷமாகத்தான் படித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் ஒன்று கேட்டிருந்தீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை முப்பது பேருக்கும் சமைக்கிற முறை உங்களுடையது, என் வாழைக்காய் வறுவலைச் செய்யப்போகிறீர்கள், அளவோடு எழுதி அனுப்பு என்று. அதைப் படித்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நீங்கள் மறுவாழ்வு இல்லத்துக்குப் போன இந்த எண்பது நாளில் நம் வீட்டுக்கு ஒரு வாழைக்காய் வரவில்லை. நான் வேண்டுமென்றே வாங்கவில்லை என்பதுகூட உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

நினைத்துப் பாருங்கள். குடிக்கப் போகிறேன் என்று நீங்கள் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. கரைக்கு வந்து குளித்துவிட்டு மயிலாப்பூர் வரை ஒரு நடை போவீர்கள். திரும்பி வரும்போது இரண்டு வாழைக்காயைப் பையில் போட்டு, வாசல் நிலையில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட அடித்த ஆணியில் மாட்டிவிட்டு, மறுபடி கீழே இறங்கிவிடுவீர்கள். மீன்காரி வீட்டில் மீனையா தொட்டுக்கொண்டு குடிப்பது என்று உங்களுக்கு ஒரு கௌரவம். நானும் ஒரு வார்த்தை பேசாமல் அந்தப் பையை எடுத்து, நறுக்கி, மசாலா தடவி, நீங்கள் பாட்டிலோடு வருவதற்குள் சுடச்சுட வறுத்து வைத்திருப்பேன். ருசியாக இருந்தால் சண்டை கொஞ்சம் தள்ளிப்போகும் என்று ஒரு நினைப்பு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கண்ணளவில் செய்கிறவளுக்கு அளவு எங்கே தெரியும்? அதனால் நேற்று செய்து பார்த்தே எழுதலாம் என்று நினைத்தேன். தவக்கால வெள்ளி, நம் வீட்டில் மீனும் கிடையாது, அனுவுக்கும் சோற்றுக்கு ஆகும் என்று இரண்டு காய் வாங்கினேன். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சட்டியை அடுப்பில் வைத்தேன். டியூஷன் விட்டு அனு வருகிற நேரம். படியில் அவள் காலடி கேட்டது, பாதியில் நின்றுவிட்டது. பிறகு பூனை மாதிரி உள்ளே வந்தாள்.

கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்களை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அரிவாள்மனையைத் தன் பழைய பாவாடையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலுக்கு நடந்தாள். எல்லாவற்றையும் ஐந்து நிமிஷத்தில், தினமும் பாத்திரம் கழுவி அடுக்குகிற மாதிரி, பழகின கையோடு செய்தாள். நான் கரண்டியோடு பார்த்துக்கொண்டே நிற்கிறேன். வாசலில் நின்று மெதுவாக, “அப்பா வந்துக்கீதாம்மா?” என்று கேட்டாள்.

இல்லடி, அப்பா வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, இது நமக்குத்தான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு கீழே கைசர் ஜஹான் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில், தையல் மெஷினுக்குக் கீழே, நம் அரிவாள்மனை இருந்தது. இது எத்தனையாவது தடவை என்று கேட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, “இன்னான்னு சொல்றது வசந்தி, ரெண்டு வருஷமா நடக்குது. காலையில வந்து வாங்கினு போய்டும். உங்கையில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிச்சு” என்றார்.

அரிவாள்மனையை எங்கேடி போட்டுத் தொலைத்தாய் என்று அந்தக் குழந்தையை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். ஒரு தடவை தலையில் குட்டினேன். காலையில் அது அடுப்படியில் தானாக இருக்கும், நானும் என் மறதி என்று விட்டுவிடுவேன். உங்களுக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, ஒரே ஒரு நாள் அதை நீங்கள் கையில் எடுத்தீர்கள். வீசவில்லை. கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதீர்கள். அனு டியூஷனில் இருக்கிறாள் என்று நாம் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் படியில் நின்றிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. பூசை முடிந்து வந்து மீதியை எழுதுகிறேன்.

உங்கள் இல்லத்துத் தமிழ்மாறன் சார் போனில் பேசினார். தொண்ணூறு நாளில் உங்களை மாதிரி ஒழுங்காக இருந்தவர் குறைவு என்றார். கேட்கப் பெருமையாக இருந்தது. அழைத்துப்போகச் சம்மதம் என்று வீட்டார் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தைச் சனிக்கிழமை மறக்காமல் கொண்டுவரச் சொன்னார். அது வந்து பத்து நாள் ஆகிறது. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், வைத்துவிடுகிறேன். நீங்கள் இல்லாமல் எனக்கு இந்த வீடு வீடாக இல்லை, அதுவும் உண்மை. நீங்கள் வரும் நாளை நினைத்தால் போன வருஷம் எண்ணெய் கொட்டின கால் திரும்ப எரிகிறது, அதுவும் உண்மை. கை தவறிக் கொட்டிக்கொண்டேன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன். யாரும் நம்பவில்லை, நீங்கள் மட்டும் நம்புகிற மாதிரி இருந்தீர்கள்.

அனுவை உட்காரவைத்து, அப்பா வரட்டுமா என்று கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். பூசைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், வாசல் நிலையில் அந்த ஆணி இல்லை. அம்மிக் குழவியால் அசைத்து அசைத்துப் பிடுங்கியிருக்கிறாள், கட்டைவிரல் நகம் கன்றிப்போயிருக்கிறது. டிசம்பரில் ஸ்டாரை எங்கே கட்டுவதாம் என்று விளையாட்டாகக் கேட்டேன். “ஜன்னல்ல கட்டிக்கலாம்மா” என்றாள். டிசம்பர் வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறாள். அந்தக் கணக்கில் நீங்களும் இருக்கிறீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீங்கள் கேட்டதை எழுதுகிறேன். முப்பது பேருக்கு இருபது காய் வேண்டும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவுங்கள், இல்லாவிட்டால் பிசின் பிடித்துக் கை கறுத்துவிடும். சாய்வாக, வஞ்சிரத் துண்டு மாதிரி, விரல் கனத்துக்கு நறுக்கி உடனே மஞ்சள் தண்ணீரில் போடுங்கள். வேகவைக்காதீர்கள், குழைந்துவிடும். இரண்டு காய்க்கு ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் சோம்புத்தூள், நான்கு பல் பூண்டு தட்டியது, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, உப்பு, பிசைகிற அளவுக்குப் புளித்தண்ணீர். தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு மசாலாவைத் தடவி கால் மணி ஊறவிடுங்கள். இரும்புச் சட்டியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, ஒரு பக்கம் சிவந்த பிறகுதான் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் மசாலா சட்டியிலேயே தங்கிவிடும். கறிவேப்பிலை கடைசியில் போடுங்கள்.

இத்தனை வருஷத்தில் நீங்கள் இதை ஒரு தடவைகூடச் சோற்றோடு சாப்பிட்டதில்லை. வெள்ளிக்கிழமை ரசம் சோற்றோடு சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிடும்போது நாக்கு வேறு எதையாவது தேடினால் தமிழ்மாறன் சாரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். சனிக்கிழமை நான் வந்ததும் என்னிடமும் சொல்லுங்கள். திட்ட மாட்டேன். படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பிவருவேன், இன்னும் ஒரு மாசம் இருந்துவிட்டு வாருங்கள். தேடவில்லை என்றால் அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். கையெழுத்தை அங்கேயே போடுகிறேன்.

அப்படி வந்தால் ராத்திரி பஸ் ஏறி, மறுநாள் குருத்து ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் பொம்மை விற்பான், பழக்கடை இருக்கும், உங்களுக்குக் கை பரபரக்கும். பிள்ளைக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று தோன்றும். வேண்டாம். உங்கள் துணிப்பையைக்கூட நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். நீங்கள் வெறுங்கையோடு படியேறுங்கள். அனு வாசலில்தான் நிற்பாள், அவள் கண் முதலில் உங்கள் கைக்குத்தான் போகும்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். எங்களையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வசந்தி