ஞாயிற்றுக்கிழமையும் ஒரு டப்பா சோளமும்

ஜூன் 5, 2025, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஐந்தாம் நாள். படகு முட்டத்தில் கட்டிக் கிடக்கிறது, நான் வீட்டில் கிடக்கிறேன். அதற்காவது பெயின்ட் அடிப்பார்கள்.

மகள் ஜெமி இன்று வாய் திறந்தாள். கூடப் படித்தவனாம், பெயர் ஜெப்சன். குலசேகரத்தில் ரப்பர் கம்பெனி சூப்பர்வைசர். மலையடிவாரத்தில் மகளைக் கொடுப்பதா? "அவனும் மீன் பிடிப்பாம்பா" என்றாள், என்னைக் குளிர வைக்க. எங்கே? பாறைக்குளத்தில். எதை வைத்து? சோளம்! அவித்த மக்காச்சோளத்தில் வெனிலா எசன்ஸ் ஊற்றி ஊற வைப்பானாம்.

நாற்பது வருடம் கடலில் கிடந்தவன் நான். ஒரு மீனும் என்னிடம் கேக் கேட்டதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் ஜெமி சொல்லிவிட்டாள்: "அப்பா சரின்னு சொல்லாம கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க வேண்டாம். நான் ஓடிப்போறவ இல்ல. ஆனா வேற மாப்பிள்ளையும் பாக்காதிய."

இருபத்தாறு வயது. சொன்னால் சொன்னதுதான், என் குணம். வேறு எதையாவது என்னிடமிருந்து எடுத்திருக்கக் கூடாதா?

என் பெண்டாட்டி பேபி சோற்றுத் தட்டை வைத்த சத்தத்திலேயே அவள் யார் கட்சி என்று தெரிந்தது. "வேண்டாம்னு சொல்லுததயாவது பையனப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

போகிறேன். வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

ஜூன் 12

வெனிலா. நினைத்து நினைத்துச் சிரித்தேன். வீட்டில் கூடச் சிரிக்க ஆளில்லை.

ஜூன் 15, ஞாயிறு

போய் வந்தேன். அவனுக்கு ஞாயிறுதான் லீவு. முதல் பூசை பார்த்துவிட்டு அவன் சித்தப்பாவின் பாறைக்குளத்துக்குக் கூட்டிப் போனான். கல் உடைத்த குழி, மழைத் தண்ணீர், அதில் வளர்ப்பு ரோகு. இதற்குப் பேர் மீன்பிடி!

கம்பை நீட்டினான். "ஞாயித்துக்கிழமை நாங்க தூண்டில் தொட மாட்டோம், ஊர்க் கட்டுப்பாடு" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

"அப்போ இதயாவது பிடிச்சுக்கிடுங்க மாமா" என்று சோள டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டான். படகு ஓட்டுகிற ததேயுஸ் நான், பிறந்தநாள் வீட்டுப் பிள்ளை மாதிரி டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

அவன் முள்ளில் ஒரு மணியைக் குத்திப் போட்டான். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. நான் ஏதோ பேசினேன். "கொஞ்சம் மெதுவா மாமா, மீனு கேக்கும்." என் படகில் இன்ஜின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது!

போன் வந்தது. சிக்னலுக்காக மேட்டுக்குப் போனான். டப்பாவைப் பார்த்தேன். அந்த மணம் வேறு. வந்த எரிச்சலில் மொத்தத்தையும் தண்ணீரில் கவிழ்த்தேன். இனி என்ன செய்வான், பார்ப்போம். ஐம்பத்தெட்டு வயது எனக்கு. பல்லுக்குப் பதில் புத்தி விழுந்திருக்கிறது.

வந்தான். வெறும் டப்பாவைப் பார்த்தான், மஞ்சளாகத் தாழ்ந்து போகிற மணிகளைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். கரையில் சிந்திக் கிடந்த நாலைந்து மணிகளைப் பொறுக்கி, ஒன்றைக் குத்தி, நேராக அங்கேயே போட்டான். கொட்டினதைத் தின்ன மீன் கூடியிருந்தது; கால் மணி நேரத்தில் கம்பு வளைந்தது. இரண்டு கிலோ ரோகு! அடுத்து ஒன்று. இன்னும் ஒன்று.

சித்தப்பா இறங்கி வந்தார். "தீனி போட்டது மாமாவாக்கும். நல்ல இடம் பாத்துப் போட்டாவ" என்றான் அவரிடம்.

நக்கலா? முகத்தைப் பார்த்தேன். பிடி கிடைக்கவில்லை. காற்று முகம் பார்க்கத் தெரிகிற எனக்கு இந்தப் பயல் முகம் தெரியவில்லை.

"அப்போ ஞாயித்துக்கிழமை மீன் பிடிச்சது நீங்கதான்" என்று எங்கள் ஊர்க் கட்டுப்பாடு தெரிந்த சித்தப்பா சிரித்தார். ஊரில் தெரிந்தால் அபராதம்.

ஜூன் 16

கொடுத்துவிட்ட மீனைப் பேபி குழம்பு வைத்தாள். சேற்று வாடை. உறுதி செய்துகொள்ள மூன்று துண்டு தின்றேன்.

ஜூன் 18, புதன்

பொறுக்க முடியவில்லை. ஜெமியிடம் சொல்லிவிட்டேன் — தீனியுமில்லை, ஒரு மண்ணுமில்லை, எரிச்சலில் கொட்டினேன்.

"அவனுக்குத் தெரியும்பா. அன்னைக்கே சொன்னான்."

"பின்ன எதுக்குட்டி அப்படிச் சொன்னான்?"

"அவன் சித்தப்பா முன்னால ஒங்கள நாணங்கெடுக்கவா?"

என் படகில் ஒருவன் என் இரையைக் கொட்டியிருந்தால்? அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் கூப்பிட்டிருப்பேன். கரைக்கு வந்து ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்.

காரணம் தேடிப் போனவன் நான். என்ன கிடைத்தது? எங்கள் மணவாளக்குறிச்சியிலிருந்து குலசேகரத்துக்குப் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் அவன் மேல் குற்றம். அதையும் அவனா செய்தான்?

ஜூன் 20

ஃபாதரிடம் போய்ச் சரி என்றேன். ஜெமி என் சட்டையை எடுத்துத் தேய்த்து வைத்தாள். நாளைக்கு நான் எங்கும் போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

இன்று முதல் ஓலை வாசித்தார்கள். கோயில் வாசலில் யூஜின் பிடித்துக்கொண்டான். பத்து வருடமாக என் படகில் வருகிறவன்.

"மாப்பிள்ளைக்குக் கடலு தெரியுமா அண்ணே?"

"ஒரு மண்ணும் தெரியாது. குளத்துல சோளம் போட்டுப் பிடிப்பான்."

"சோளமா!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "எதுக்குலே இளிக்கே? மூணு மீனு, ஒவ்வொண்ணும் ரெண்டு கிலோ. நீ போய் ஒண்ணு பிடிச்சுக் காட்டு, பாப்போம்."