கறுப்புக் கலிக்கோவுக்குள் ஒரு மயில்

ஆனி 9, வியாழன்
புழுக்கம். வாசகசாலை போனேன். பூந்தமல்லி வாசகசாலையின் ஒரே அழகி அலமாரியில் இல்லை. நீலத் துணி அட்டை, தங்க ரேக்கில் மயில். ஊரைவிட்டுப் போன துரை ஒருவர் போட்டுவிட்டுப் போன இங்கிலீஷ் புத்தகம். தோகை முன்னட்டையில் கிளம்பி, முதுகைச் சுற்றி, பின்னட்டையில் போய் விரியும். ஒரு கண்போல் இன்னொன்று இராது. மயிலை வரைந்தவன் பேர்கூட இல்லை. உள்ளே கோழி வளர்ப்பு. ஒரு பக்கம் படித்ததில்லை. (வீட்டில் சொல்லவில்லை. அங்கே நான் இங்கிலீஷ் புலி.)

காரியதரிசி: "பைண்டிங்குக்கு அனுப்பியிருக்கேன் சார். கறுப்புக் கலிக்கோத் துணி. தகரமாட்டம் இருக்கும்."

மனுஷனா இவர்? பல்லிடுக்கில் வெற்றிலைத் துணுக்கு வேறு.

ஆனி 10, வெள்ளி
ஜட்காவில் நசரத்பேட்டை. பைண்டர் முனுசாமி வீடு. புளித்த பசை நாற்றம். பூச்சி வராமலிருக்கத் துத்தம் கலந்திருக்கிறானாம். எனக்கே ஓடிவிடலாம் போலிருந்தது.

"பழைய அட்டையைக் கொடுத்துடுப்பா."

"அத்த இன்னாத்துக்கு பிக்கணும்? கெட்டி அட்டை நைனா. மேலயே ஒட்டிட்டேன்."

மயில்மேலேயே!

"உள்ள சொகமா தூங்கிகினு கீது, நீ போ நைனா." உள்ளேயிருந்து அவன் சம்சாரத்தின் சிரிப்பு.

வீட்டில் சொன்ன விளக்கெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஆனி 13, திங்கள்
தூறல். புத்தகம் வந்துவிட்டது. எருமைத் தோல் நிறம். கட்டைவிரலால் தடவினேன். துணிக்கடியில் தோகை மேடு தட்டியது. உயிரோடுதான்.

ஏன் இதற்கு மட்டும் இந்தக் கதி என்றேன். காரியதரிசி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஏழு தடவை வெளியே போயிருக்கிறது. ஏழும் என் கையெழுத்து.

"இவ்வளவு கிராக்கி வேற எந்தப் புஸ்தகத்துக்கு சார்? தாங்க வேண்டாமா?"

கொலைகாரன் நானே. தூ.

எட்டாவது கையெழுத்து. எடுத்து வந்தேன்.

ஆனி 14, செவ்வாய்
ஈரத்துணி போட்டு ஊறவைத்து, ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். வந்தது. தங்கமும் கூடவே வந்தது, கலிக்கோவின் அடிப்பக்கம், பசையில் சொதசொதவென்று. நீலத்தில் மிச்சம் ஒரு மொட்டைப் பறவை. என் நகத்தைப் பார்க்கவே அருவருப்பு.

மனைவி எட்டிப் பார்த்து: "கோழி புஸ்தகத்துக்குக் கோழிதானே போட்டிருக்கான், நல்லாத்தான் இருக்கு."

ஆனி 16, வியாழன்
கிளம்பிய துணியை அமுக்கிப் பிடித்தபடியே திருப்பிக் கொடுத்தேன். காரியதரிசி தடவிப் பார்த்தார். வசவுக்குக் காத்திருந்தேன்.

"கலிக்கோவே பிஞ்சுபோற அளவுக்குப் படிச்சிருக்கீங்களே சார்! முனுசாமிகிட்ட ரெட்டைத் துணியாப் போடச் சொல்றேன்." தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டார். "வேற எந்தப் புஸ்தகமெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும், சொல்லுங்க."

இரண்டாம் தட்டில் பச்சை அட்டை ஒன்று, வெள்ளிக்கொடி படர்ந்தது. அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பாமல் சொன்னேன்:

"ஒண்ணுமே பிடிக்கலை."